சாவியை எடுத்த பிறகும் நிற்காத இன்ஜின்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. அவை சரியானவை. எனக்கு வயது இருபத்துமூன்று. அப்பா, அம்மா, அண்ணன் ஆகியோருடன் மேற்படி முகவரியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவள் நான் மட்டுமே. தற்போது ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறேன். அப்பா பள்ளி வேன் ஓட்டுநர். அண்ணன் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். கார் வேலையை அவன் யாரிடமும் முறையாகக் கற்றதில்லை, ஆனால் எந்த வண்டியின் மூடி திறந்திருந்தாலும் போய் எட்டிப் பார்ப்பான் என்பதால் தெருவில் அவனை ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். இந்த வழக்கில் காயமடைந்தவர் எங்கள் எதிர்வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர். அவரை எல்லோரும் ஊசி அண்ணன் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

எங்களிடம் இருக்கும் டீசல் கார் என்னைவிட மூத்தது. மேட்டில் ஏறும்போது அம்மாவும் நானும் இறங்கி நடந்தால் அதற்கு ஒத்தாசையாக இருக்கும் என்று அண்ணன் கிண்டல் செய்வான். அதற்கு டர்போ பொருத்தினால் மேடு தெரியாமல் போகலாம் என்று சொல்லி, பழைய இரும்புக் கடையில் உடைப்புக்கு வந்த ஒரு வேனிலிருந்து டர்போவைக் கழற்றி வாங்கி வந்தான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறிய விசிறி சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி அது. அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. கிழட்டு எருமைக்குச் சலங்கை கட்டுகிறாயா என்று கேட்டார். அதன் பிறகு அவரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

விடுமுறை நாட்களில் வாசலில் வைத்து அண்ணன் வேலை செய்தான். வண்டிக்கு அடியில் வெளிச்சம் காட்டுவது என் வேலை. டர்போவின் அச்சுக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக இன்ஜின் ஆயில் போக வேண்டும், பிறகு அது இன்னொரு பெரிய குழாய் வழியாகத் தானாகக் கீழே வடிந்து இன்ஜினுக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னான். அந்தப் பெரிய குழாய்க்கு நேர்வழி கிடைக்காததால் ஓர் இரும்புத் தாங்கியின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினான். கீழே வடிய வேண்டியதை ஏன் மேலே ஏற்றுகிறாய் என்று நான் கேட்டேன். கொஞ்சம் ஏறினால் ஒன்றும் ஆகாது என்றான். அந்த வேலையில் எனக்கு அறிவு இல்லாததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

சம்பவத்துக்கு முந்தைய வாரம் அண்ணன் வண்டியை முதல்முறையாகக் கிளப்பியபோது கரும்புகை வந்து, எதிர்க் கடையில் தைத்துத் தொங்கவிட்டிருந்த வெள்ளைப் பள்ளிச் சட்டைகளில் கரி படிந்தது. ஊசி அண்ணன் ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "உன் வண்டி பீடி குடிக்குது, என் சட்டைக்கு இருமல் வருது" என்றார். அதற்கு அண்ணன், "ஒரு நாள் இல்ல ஒரு நாள் வண்டிய உங்க கடைக்குள்ளயே கொண்டுவந்து நிறுத்தறேன் பாருங்கண்ணே" என்றான். புகாரில் இந்த வாக்கியம் மட்டும் இருப்பதாக அறிகிறேன். அதற்கு ஊசி அண்ணன், "வா வா, அளவெடுத்து உறை தைச்சு வைக்கறேன்" என்று பதில் சொன்னார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சட்டைகளை அவர் திரும்பத் துவைக்க வேண்டி வந்தது என்பதும், அதன் பிறகு அவரும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதும் உண்மை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்க் கடையைப் பார்த்து நின்ற வண்டியின் முன்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, டர்போவின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காக அண்ணன் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டான். அப்பாவை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொன்னான். ஓட்டுநர் இருக்கையில் இருந்தது என் அப்பா. அண்ணன் அல்ல. நான் வாசற்படியில் நின்று இதைப் பார்த்தேன்.

சிறிது நேரம் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு அப்பா காலை எடுத்த பின்னும் சத்தம் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. பின்னால் வெண்புகை கிளம்பித் தெருவை மறைத்தது. அப்பா உடனே சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டார். வேனில் எது நடந்தாலும் அவர் முதலில் சாவியை உருவிவிடுவார், இல்லாவிட்டால் பிள்ளைகள் யாராவது திருகிவிடுவார்கள் என்பதால் அது அவருக்குப் பழக்கம். சாவி அவர் கையில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்று என்னிடம் பலமுறை கேட்கப்பட்டது. வடியாமல் தேங்கிய ஆயில் காற்றுக் குழாய்க்குள் கசிந்தால், டீசல் நின்ற பிறகும் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து ஓடும் என்று வாகன ஆய்வாளர் பின்னர் விளக்கினார். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

அதன் பிறகு அப்பா பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டார். நிற்க மறுக்கும் இன்ஜினை அப்படித்தான் அணைப்பார்கள் என்று அவர் முன்பு சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய பலத்தில் இருந்திருந்தால் அணைந்திருக்கும். பிரேக் பழையது, இன்ஜினின் பலம் புதியது. வண்டி துள்ளி நேராக எதிரே பாய்ந்தது. சாவியை உருவினால் அந்த வண்டியின் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அப்பா இரண்டு கைகளாலும் அதைத் திருப்பப் பார்த்தார், திரும்பவில்லை. ஊசி அண்ணன் கடை வாசலில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வண்டி கடையின் மேசையைத் தள்ளி, மேசைக்கும் சுவருக்கும் இடையே அவருடைய வலது காலை நசுக்கியது. தையல் இயந்திரத்தை அவர் அந்தக் காலால்தான் மிதிப்பார்.

அண்ணன் ஓடிப்போய் ஒரு பலகையை டர்போவின் காற்று வாயில் வைத்து முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினான். அப்போதுதான் இன்ஜின் நின்றது. அதன் பிறகு அவன் கதவைத் திறந்து, "நீங்க வீட்டுக்குள்ள போங்கப்பா" என்றான். புகை கலைந்து தெருவினர் கூடியபோது வண்டியருகே கரிக் கையோடு நின்றது அண்ணன் மட்டுமே. யார் ஓட்டியது என்று கேட்டவர்களிடம் நான்தான் என்றான். அப்பா மேல் விபத்து வழக்கு வந்தால் பள்ளி வேனை எடுக்க விடமாட்டார்கள் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். அவர் இத்தனை வருடத்தில் எந்த வண்டியிலும் ஒரு கீறல் போட்டதில்லை.

அன்று மாலை அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா எழுதிக்குவாங்க. அண்ணன்தான் ஓட்டினான்னு மட்டும் சொல்லு. மத்தத அவன் பாத்துக்குவான்" என்றார். அப்போது அதை எல்லோரும் விபத்து என்றே நினைத்திருந்தோம். மறுநாள்தான், முன்விரோதத்தில் வேண்டுமென்றே வண்டியைத் திருப்பி ஏற்றியதாக அண்ணன் மேல் கொலை முயற்சி என்று வழக்குப் பதிவானதை அறிந்தோம்.

அதன் பிறகு அம்மாவும் நானும் மருத்துவமனைக்குப் போய் ஊசி அண்ணனைப் பார்த்தோம். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். புகையில் ஓட்டியவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை, கண் திறந்தபோது ஸ்பேனர்தான் வண்டியருகே நின்றான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உறை தைக்கறேன்னு நான் வெளையாட்டுக்குத்தானம்மா சொன்னேன். அவன் நெஜமாவே வந்துட்டானே" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். திரும்பி வரும்வரை விடவில்லை.

நேற்று அப்பாவிடம் தனியாகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் வேனுக்குப் போகவில்லை, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துகொள்வார். கொலை முயற்சி என்றால் எத்தனை வருடம் என்று கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். தட்டில் கையைக் கழுவினார். அண்ணனுக்கும் கடைக்காரருக்கும் சண்டை உண்டு, உங்களுக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை, நீங்கள் ஓட்டியது என்று தெரிந்தால் வேண்டுமென்றே செய்தது என்ற பேச்சே எழாது என்று சொன்னேன். வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா தலையை ஆட்டினார்.

இன்று காலை அவர் காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். அம்மா கதவருகே நின்றார், தடுக்கவில்லை. வரும் வழியில் அப்பா, "பாவம், பதட்டத்துல பண்ணிட்டாருன்னு எல்லாம் சேக்காத. நல்லா யோசிச்சுத்தான் கியர் போட்டேன். வண்டி நிக்கும்னு நெனச்சேன், நிக்கல. அத மட்டும் எழுதச் சொல்லு" என்றார். அதன்படி அதை இங்கே சொல்லியிருக்கிறேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், தன் வாக்குமூலத்தைத் தானே தருவதாகச் சொல்கிறார்.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக் காட்ட முன்வந்தார்கள், வேண்டாம் என்று வாங்கி நானே படித்தேன். "பதட்டத்தில்" என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார்கள். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் கண்டபடியே சொன்னேன்.

(கையொப்பம்)