ஆர்கன் வரும் இடம்

காபி நன்றாகவே இருக்கிறது, மேடம். ஸ்டேஷன் காபியை வாயில் வைக்க முடியாது என்று லோர்ன் சொல்லுவான். அவன் எதையும் முழுதாகக் குடித்துப் பார்த்துச் சொல்கிற ஆள் இல்லை.

இந்த ஹாமில்டன் ஊரில் எங்களை மாதிரிப் பாட்டுக் கிறுக்குகள் நிறைய உண்டு. ஞாயிறு மத்தியானம் லோர்ன் வீட்டு நிலவறையில் கூடுவோம். நான், அவன், பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஆர்லீன். நான் பழைய புராக்ரெசிவ் ராக் பாட்டு ஒன்று கொண்டுபோவேன்; அவன் காதைக் கிழிக்கிற மெட்டல் பாட்டு ஒன்று வைப்பான். தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற நீளப் பாட்டாக இருக்க வேண்டும். எது உசத்தி என்று நாங்கள் அடித்துக்கொள்வோம், தீர்ப்பு ஆர்லீன் சொல்லுவாள். சட்டம் ஒன்றுதான்: ஊசி வைத்துவிட்டால் பாட்டு முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. ஒரு குளிர்காலத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் கணுக்கால்வரை வந்தது. மூவரும் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டோம். அன்றைக்கு லோர்னை எனக்கு ரொம்பப் பிடித்தது.

“உங்க ஆளுங்க நடுவுல தூங்கிடுறானுங்கடா, கிளைடு,” என்பான். “மெட்டலைப் பாரு. எவ்ளோ நீளமா இருந்தாலும் விடாம உதைக்கும்.”

“உங்களுக்கு அமைதின்னா பயம். அதான் அடிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

“கிழவனுங்களா, தட்டை மாத்துங்க. என் பீர் சூடாகுது,” என்பாள் ஆர்லீன்.

இளவயதில் நானும் இன்னும் மூன்று பேருமாக ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். வெளிவந்தது ஒரே ஒரு தட்டு. அதன் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. மெட்டு, வரிகள் எல்லாம் மற்றவர்களுடையவை. நடுவில் எல்லோரும் நிறுத்திவிட, ஆர்கன் வாத்தியம் மட்டும் தனியாக வரும். அது நான். அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் நான் இல்லை. மற்றபடி ஆயுள் முழுக்க எஃகு ஆலையில் சம்மட்டி பிடித்தவன். அந்தத் தட்டைப் பல முறை போட்டிக்குக் கொண்டுபோனேன். ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை.

போன ஞாயிறு லோர்ன் தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைப் போட்டான். “பேரு சொல்ல மாட்டேன். சும்மா கேளுங்க.” முதல் சுரத்திலேயே அது எங்கள் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆர்கன் வரும் இடத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு நேராக முடிவுக்குத் தாவிவிட்டது.

ஆர்லீன் கை தட்டினாள். “அடேங்கப்பா, ஆளையே உலுக்கிடுச்சு. யாரோடதுடா இது?”

“நம்ம கிளைடோடதுதான். அந்த ஆர்கனை மட்டும் வெட்டித் தூக்கினேன். நீ ஜெயிச்சுட்டேல்ல, பார்ட்டி வைடா.”

அன்பாகத்தான் செய்தான். முதுகில்கூடத் தட்டினான். நானும் சிரித்துவைத்தேன்.

பேத்தியின் ஹாக்கி ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆர்லீன் கிளம்பினாள். நான் பையிலிருந்து என் தட்டை எடுத்து வைத்தேன். இதையும் கேட்டுவிடு என்றேன். உட்கார்ந்தான். ஆர்கன் வந்தது.

“ஐயோ சாமி, கொட்டாவி வருதுடா. போதும்,” என்று எழுந்து ஊசியைத் தூக்கக் கை நீட்டினான்.

சட்டத்தை மீறியது அவன். நான் எழுந்தது அதைக் காப்பாற்றத்தான். பக்கத்தில் மைக் ஸ்டாண்ட் நின்றது, அடிப்பாகம் வார்ப்பிரும்பு. முதலில் கையில் அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. அவன் திரும்பி, “கிளைடு, என்னடா...” என்றான். அடுத்த அடி தலையில். விழுந்த பிறகு இன்னும் இரண்டு. ஊசி ஒரு முறைகூடக் குதிக்கவில்லை. ஆலையில் பழகிய கை.

அப்போது அவன் சாகவில்லை. அதை மறைக்க மாட்டேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ரத்தம் தரைவிரிப்பில் ஊறி என் காலடிவரை வந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததே. காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டேன். அவன் முனகல் ஆர்கனுக்கு இடைஞ்சலாக இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து ஊசி தானாக எழுந்ததும் உங்களைக் கூப்பிட்டேன். உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராமே. இருக்கலாம். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கடைசியில் லோர்ன் என் பாட்டை முழுதாகக் கேட்டான், மேடம். நீளம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.