சுரத்தடி எண்கள்

பிசான நெல்லறுப்பு ஓய்ந்து, அரிதாள் நின்ற வயல்களுக்கிடையே பொருநை மணல் காட்டி மெலிந்தோடிய பங்குனி அது. லெந்து எனும் தவநாட்களின் துயரம் ஊர்மேல் மெல்லிய சாம்பலெனப் படிந்திருந்தது. விடிந்தால் பெரிய வெள்ளி.

பாளையங்கோட்டைப் பஞ்சுக் கம்பெனியில், குமாஸ்தா நமச்சிவாயத்தின் மேசைமேல் ஆர்மோனியப் பெட்டியை இறக்கிவைத்தார் வேதக்கோவில் பாடகர் குழுத் தலைவர் பாக்கியசீலன். சுவரில் இருந்த டெலிபோனின் குழலை எடுத்தார். தூத்துக்குடிக் கிளையில் அவர் தங்கை இன்பமணி காத்திருந்தாள். அவள் கணவனுக்கு அங்கேதான் வேலை.

"அலோ... அலோ! இன்பமணியா?... ஆமா, ஆமா, அண்ணன்தான். சொகம் பெறவு விசாரி. ஏட்டி, அப்பா கட்டுன பாட்டுக்கு என்ன சுரம் எழுதி அனுப்பிருக்க?... இழுக்குதுட்டி! பார வண்டி மேடேறுன மாதிரி இழுக்குது. கூடப் பாடுத சாலோமி மூச்சு முட்டிக் கீழ உக்காந்துட்டா... சிரிக்காத! சாயங்காலம் ஒத்திகை சரியா வரலன்னா நாளைக்கு அந்தப் பாட்டே கெடையாது, இங்கிலீசுப் பாட்டுதான்னு குருவானவர் சொல்லிட்டாரு... அப்பா கண்ண மூடி மொதப் பெரிய வெள்ளி. தெரியும்லா?...

"நா எதையும் மாத்தல. நீ போட்ட எண்படிதான் பாட வைக்கேன். கீழ்ச்சுரத்துக்கு அடியில ஆறுன்னா ஆறு தட்டு நீட்டுதோம், ஏழுன்னா ஏழு தட்டு... ஆமா, தாளக் கணக்குதான... இல்லையா?"

சட்டைப்பையிலிருந்து சுரத்தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"பெறவு என்ன எழவு... கர்த்தர் மன்னிக்கட்டும்... என்னதுட்டி அது?... பைய, பையச் சொல்லு... கீழ்ச்சுரத்த ஒண்ணுன்னு வச்சு மேல எண்ணணும்... ஆறுன்னா ஆறாவது கட்டை, கூட மூணாவதும்... எல்லாத்தையும் ஒரே நேரத்துல அமுக்கணும். ம்... எண்ணே இல்லாத எடத்துல?... மூணும் அஞ்சும். சரி, சரி...

"இந்தா முடிச்சிட்டேன், நமச்சிவாயம் அண்ணாச்சி! ஒங்க பஞ்சுக் கப்பல் சேதி எங்க ஓடிறப் போவுது? எனக்கு இருக்கது ரெண்டு கை. நீங்க இந்தத் துருத்திய அசைங்க... ஒங்க சாமி கோவிச்சுக்கிடாது, அசைங்க!"

நமச்சிவாயம் முனகிக்கொண்டே துருத்தியை அசைத்தார்.

"கேக்குதா இன்பமணி?... இது ஆறு. சரியா?... அடுத்தது ஏழு. மூணு, அஞ்சு, ஏழு... ஐயோ, காதுல முள்ளாக் குத்துதே! தப்பா?... குத்தத்தான் செய்யணுமா?... அங்கன நிக்கப்படாது... ஏழாங்கட்டை ஒரு படி எறங்கணும்... இரு..."

அவர் விரல் இறங்கியது. முள் கரைந்தது.

"'தண்ணருவி தந்தவன்தன் நாவறண்டு நின்றானே'... 'நாவறண்டு'க்கு அடியில ஏழு. 'நின்றானே'ல எறக்கம். அப்பா கொரல் அங்கன இப்பிடித்தானட்டி எறங்கும்?... அதுக்குத்தான் அங்க ஏழு போட்டியா?...

"ஏட்டி, குருவானவர்ட்ட ஒம்மேலதான் பழி போட்டேன். இப்பமே போய், தப்பு எம்மேலதான்னு சொல்லுதேன்... அழாத. அழாதம்மா... என்னது? கேக்கல... அலோ?... அலோ!"

கம்பி செத்துவிட்டது.

பாக்கியசீலன் தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த ஒரு வரியை எண் பிசகாமல் மெல்ல வாசித்து, கடைசிச் சுரம் அடங்கும்வரை தலை குனிந்து நின்றார். நமச்சிவாயமும் துருத்தியை நிறுத்தவில்லை.

பிறகு பேச்சற்ற குழலை உதட்டருகே கொண்டுவந்தார்.

"கர்த்தர் உன் விரலையும் நாவையும் ஆசீர்வதிப்பாராக, தாயி."