அக்காவின் தற்காலிகக் கோப்புறை

காலையில் வேலைக்கு வருகிறவர்கள் கணினி சீக்கிரம் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். நான் ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு வருகிற புகார்களில் பாதி இதைப் பற்றியதாகத்தான் இருக்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, கைகழுவிவிட்டு வந்து பார்த்தாலும் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். ஒருமுறை பெரிய டாக்டர் என்னை அறைக்கு அழைத்து, "தம்பி, இது திறக்கறதுக்குள்ள என் பேஷன்ட் குணமாகி வீட்டுக்குப் போயிடறான்" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் சிரிக்கவில்லை.

காரணம் எளிதானது. எங்கள் மருத்துவமனையில் யாருக்கும் சொந்தக் கணினி கிடையாது. எந்த அறையில் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்புகளும் அமைப்புகளும் கூடவே வந்துவிடும். ஆளுக்கு ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் எல்லாம் சர்வரில் இருக்கும். ஒருவர் உள்ளே நுழைந்தால் அவர் மூட்டை அந்தக் கணினியில் வந்து இறங்கும். வெளியேறினால் திரும்பப் போய் ஏறிக்கொள்ளும். இதில் ஒரு தொந்தரவு உண்டு. மென்பொருள்கள் ஒவ்வொன்றும் அந்த மூட்டைக்குள் தனக்கென்று ஒரு தற்காலிகக் கோப்புறையைத் திறந்து, துண்டுதுணுக்குகளைப் போட்டுவிட்டு, எடுக்காமலே போய்விடும். பல வருஷத்துக் குப்பையை அத்தனை பேரும் காலையில் இறக்கி மாலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு விதி எழுதினேன். 'டெம்ப்' என்ற பெயருள்ள எந்தத் தற்காலிகக் கோப்புறையும் இனி மூட்டையில் ஏறாது. ஆள் வெளியேறியதும் அது இருந்த இடத்திலேயே அழிந்துவிடும். மறுநாளே எல்லோருக்கும் கணினி கண்ணிமைப்பதற்குள் திறந்தது. பெரிய டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்ப பேஷன்டுக்கு முன்னாடி நான் ரெடி" என்றார். என் வேலையில் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். அதனால் அதை நினைவு வைத்திருக்கிறேன்.

அதே மருத்துவமனையில் என் அக்காவும் வேலை பார்த்தாள். திசுப் பரிசோதனைப் பிரிவில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வாள். டாக்டர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபடி பேசிப் பதிவு செய்ததை ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். மற்றவர்கள் அடித்த கையோடு அனுப்பிவிடுவார்கள், தப்பிருந்தால் டாக்டர் திருத்திக்கொள்வார். அக்கா அப்படி அனுப்ப மாட்டாள். மாலையில் அடித்ததை அனுப்பாமல் வைத்திருந்து, காலையில் புதுக் கண்ணோடு இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவாள். எதற்கு இந்த வீண் வேலை என்று நான் கேட்டதற்கு, "ஒரு 'இல்லை'ய விட்டுட்டேன்னா ஒருத்தருக்குப் புற்றுநோய் வந்துடும்டா" என்றாள்.

அனுப்பாத அறிக்கைகளை அந்தப் பழைய மென்பொருள் எங்கே வைத்திருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. அது அவற்றை ஒரு 'டெம்ப்' கோப்புறையில் வைத்திருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்காதான் என்னைப் படிக்க வைத்தாள். பிறகு அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. ஆறேழு வருஷம் அக்காவே பார்த்துக்கொண்டாள். கடைசியில் அம்மா அவளை யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு, "நல்ல பொண்ணும்மா நீ. உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்பாள். "தேட மாட்டாங்கம்மா, சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தலை வாரிவிடுவாள். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

விதி நடைமுறைக்கு வந்த சில நாட்களில் அக்கா ஒரு காலையில் மூன்று அறிக்கைகளைக் காணவில்லை என்றாள். டாக்டரின் குரல் பதிவுகள் அப்படியே இருந்தன. அடித்த அறிக்கைகள்தான் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவள் அடிக்கவே இல்லை என்றுதான் தோன்றும். பக்கத்து இருக்கைப் பெண் அப்படியே சொல்லவும் செய்தாள். "அடிச்ச மாதிரி கனவு கண்டிருப்பீங்கக்கா, எனக்கும் வரும்." அக்காவும் சிரித்துவிட்டு மறுபடி அடித்தாள். அந்த வாரமே இன்னொரு முறை நடந்தபோது அவள் சிரிக்கவில்லை. நான் போய்த் தேடிப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. என் விதியில் ஒரே ஒரு விலக்குச் சேர்த்தால் போதும். அரை நிமிஷ வேலை. ஆனால் சேர்த்தால், ஏன் சேர்த்தேன் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ரத்த வங்கிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவர் எங்கள் மருத்துவமனை ரத்த வங்கியின் பொறுப்பாளர். மனைவியை இழந்தவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் என் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். "இந்த வயசுல எதுக்குன்னு நெனப்பீங்க. நான் ரத்தம் எடுக்கறவன்தான் தம்பி, உறிஞ்சறவன் இல்ல." உள்ளே காபி கலந்துகொண்டிருந்த அக்கா வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டது. அவள் தம்ளர்களோடு வந்தபோது முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. மிகவும் சந்தோஷம் என்று அவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை. அவர் வீடு நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அங்கேதான் இருப்பாள் என்று அவர்களுக்குள் ஏற்கெனவே பேசி முடிவாகியிருந்தது. என்னிடம் கேட்டார்களே தவிர, கேட்பதற்கு எதையும் மீதி வைத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை அதிகம். விலக்குச் சேர்க்க முடியவில்லை. மாலையில் அக்காவைக் கூட்டிப்போக அவள் அறைக்குப் போனேன். "இரு, கடைசி வரி" என்று சொல்லி அடித்து முடித்தாள். நான் பின்னால் நின்று அந்த வரியைப் படித்தேன். மறுநாள் காலையில் அது இல்லை. அவள் மாடி ஏறி என் இருக்கைக்கே வந்தாள்.

"நேத்து நீ வந்தப்ப நான் அடிச்சிட்டுத்தானே இருந்தேன்?"

"ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேக்கா" என்றேன். "அடிச்சதை நான் கவனிக்கல."

"அம்மாவுக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சேன், அணைச்சேன்னே சொல்லிட்டிருந்தா." அப்படியெல்லாம் இருக்காது என்றேன். நம்புகிற மாதிரி சொன்னேனா என்பது எனக்கே சந்தேகம்தான்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பது நம் கையில் இருப்பதில்லை. விதியைத் திருத்தினால் அறிக்கைகள் காணாமல் போவது நின்றுவிடும். நின்றுவிட்டால், முன்னால் ஏன் போயின என்று அவள் கேட்பாள். ஒவ்வொரு நாளும் மவுஸைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். என்ன சொன்னாலும் நான் கையாலாகாதவன்தான்.

இதற்கிடையில் ஓர் அறிக்கை தாமதமாகி ஒரு நோயாளியின் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனது. பெரிய டாக்டர் அக்காவைத் திட்டவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றாராம். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நரம்பியல் டாக்டரிடம் ஒரு பரிசோதனை செய்துகொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டாள். "பாத்து என்னக்கா ஆகப்போகுது? அம்மாவுக்குப் பாக்காத டாக்டரா?" என்றேன். அவள் தலையாட்டினாள். பரிசோதித்தால் ஒன்றும் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

அவள் ரத்த வங்கிக்காரரை வரச்சொல்லி, கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது நானும் கூடத்தில்தான் இருந்தேன். அவர் லேசில் விடவில்லை. "மறந்தா மறந்துட்டுப் போங்க. நான் தினமும் புதுசா வந்து பேர் சொல்லி அறிமுகமாயிக்கறேன். எனக்கு வேற என்ன வேலை?" அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எங்கம்மாவ நான் பாத்துக்கிட்டவ. அது என்னன்னு எனக்குத் தெரியும். உங்கள அதுல தள்ள மாட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னையுந்தான்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அவர் கவனித்தாரா தெரியவில்லை. நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிந்தைய மாதங்கள் எங்கள் வீட்டில் நன்றாகவே இருந்தன. ஓய்வு முடிந்து அக்கா மறுபடி வேலைக்கு வந்தாள், பாதி நேரம் மட்டும். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டே செய்தாள். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, இன்றைக்கு என்ன கிழமை. வங்கி அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டாள். "எனக்கும் சேத்து நீயே ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள். மாலையில் ஒன்றாக நடந்து வீடு திரும்புவோம். சாலையைக் கடக்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதில் நான் அவளுடையதைப் பிடித்திருக்கிறேன். இப்படி ஒருவர் நம்மை நம்பியிருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

ஒன்றை வரிசை மாற்றிச் சொல்கிறேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா ஓய்வில் இருந்தபோது அவள் இடத்துக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு நாள் பாதி அடித்த அறிக்கையை விட்டுவிட்டு, கணினியிலிருந்து வெளியேறிச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து வேறு கணினியில் நுழைந்தால் அறிக்கை இல்லை. அவளுக்கு மறதி நோய் வந்த அம்மா யாரும் இல்லை. அதனால் நேராக என்னிடம் வந்து, "அண்ணா, உங்க சிஸ்டம் என் வேலைய முழுங்கிடுச்சு" என்றாள். உடனே நான் விதியைத் திருத்தினேன். அந்த மென்பொருளின் கோப்புறைக்கு விலக்குக் கொடுத்தேன். வழக்கமான பராமரிப்பு என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். மேலே ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நான் அத்தனை நாள் பயந்தது வீண்.

அது எல்லோருக்குமான விதி. அக்கா வேலைக்குத் திரும்புவதற்கு முதல் நாள் இன்னொரு விதி எழுதினேன். அதில் பழைய மாதிரியே 'டெம்ப்' கோப்புறைகள் அழியும். அது ஒரே ஒரு பயனருக்குப் பொருந்தும். பயனர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை நானே அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தேன். திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டால் அவளுக்குக் குழப்பமாக இருக்கும். தினமும் இல்லை, அவ்வப்போதுதான் அந்த விதியை இயக்கினேன். ரத்த வங்கிக்காரர் அவளோடு கேன்டீனில் உட்கார்ந்து பேசினார் என்று கேள்விப்பட்ட நாட்களில் அது இயங்கியிருக்கலாம். அதையெல்லாம் நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எழுந்திருக்கவில்லை. எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, அவளாகவே செய்துகொண்டாள். முதல் நாள் என் சட்டைகள் எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கியிருந்தாள். பாலுக்கும் கேஸுக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். அம்மாவை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி நான் அவளைப் பார்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லாமல் போனதுதான் என் தப்பு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாவுக்கு வந்த ரத்த வங்கிக்காரர் ஒரு ஓரமாக நின்றிருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்கதான் தம்பி அவங்களுக்கு எல்லாம்" என்றார். ஆமாம் என்றேன்.

வேலையை விட்டவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் மூட்டைகளைச் சர்வரிலிருந்து நீக்குவதும் என் வேலைதான். அவளுடையதை நீக்கச் சொல்லி பணியாளர் பிரிவிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவள் அடித்து, நான் அழித்த அறிக்கைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அந்த இரண்டாவது விதியிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இனி அவள் எழுதி வைப்பது எதுவும் அழியாது.