எந்தப் பக்கம் மேலே

தலைமை ஏற்றிருக்கும் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியின் ராஜேந்திரன் அவர்களே, ஜெபத்தோடு இந்த நினைவுக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் கிளமெண்ட் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வினோலியா அம்மையாரின் மகன் ஹரோல்ட், மருமகள் நிக்கோல், நந்திதுர்க், பாலகாட் சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஏனோக். சுரங்கம் நடந்த காலத்தில் சர்வே ஆபீசில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. அதனால் தாளில் எழுதி வந்திருக்கிறேன். வீட்டில் வாசித்துப் பார்த்தபோது சில இடங்கள் சரியில்லை என்று தோன்றியது. திருத்தினேன். திருத்திய பிறகு பழையதே பரவாயில்லை என்று தோன்றியது. ஆகவே இதில் குறை இருந்தால் அது என்னுடையது. நிறைவாக ஏதாவது இருந்தால் அது திருமதி வினோலியா அம்மையாருடையது.

வினோலியா அம்மையார் யார்? பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் என்று ரயிலில் வந்தவர்கள் சொல்வார்கள். கார்மென்ட்ஸில் செக்கிங் பார்த்தவர், அவர் கையில் ஒரு கோணல் தையலும் தப்பாது என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பாடகர் குழுவில் இரண்டாம் குரல் என்று சபையார் சொல்வார்கள். எனக்கு அவர் ஜப்பான் பொம்மை செய்தவர். கோலார் தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு, பூப்போட்ட காகிதத்தில் கிமோனோ மடித்து, கறுப்புக் கிரேப் காகிதத்தில் கொண்டை சுற்றி, ஜப்பானியப் பெண்களை ஒரு சாண் உயரத்துக்குச் செய்து விற்றவர்.

அவரைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்கிறது. நான் ஒரு அட்டைப்பெட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது நந்திதுர்க்கில் அவர் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் பொம்மைகளுக்குத் தலை உண்டு, கொண்டை உண்டு, கை உண்டு. கிமோனோவின் முன்பக்கம் மட்டும் மூடப்படவில்லை. மார்ச் மாதம் பெங்களூரில் ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் பெண்குழந்தைகளுக்காகக் கொண்டாடும் பொம்மைத் திருநாளுக்குப் போகவேண்டியவை அவை. முன்பக்கத்தை மூடும் வேலையை அம்மையார் ஒருவர்தான் செய்வார். அம்மையார் போய்விட்டார். அந்தப் பெட்டியை என்ன செய்வது? ஆர்டர் கொடுத்தவரிடம் எங்களால் முடியாது என்று சொல்லிவிடுவதா? அப்படிச் சொன்னால் அவர் தொடங்கியது அவரோடு முடிந்ததாகிவிடாதா? அடக்கம் முடிந்த நாளிலிருந்து, அவரோடு பொம்மை செய்துவந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

கதையை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்மென்ட்ஸ் வேலை முடிந்து அவர் வீட்டில் இருந்த சமயம், மருமகள் நிக்கோலின் போனில் இந்தப் பொம்மை செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, மைன்ஸுல லெவல் லெவலா மேப் போட்டீங்களே. ஒரு சாண் பொம்மைக்கு சட்டை பேட்டர்ன் போட மாட்டீங்களா?"

"எனக்குத் தையல் தெரியாதும்மா."

"சுரங்கத்துக்குள்ள மட்டும் இறங்கிப் பாத்தா போட்டீங்க? அளவு சொன்னா போட்டீங்க. நான் அளவு சொல்றேன்."

அவர் சொன்னது உண்மை. நான் போட்டேன். முதலில் செய்த பொம்மைகளை ராஜேந்திரன் அவர்களின் கடைக்கு எடுத்துப்போனோம். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், அன்று நடந்ததைச் சொல்லத்தான் போகிறேன். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, மூஞ்சியே இல்லியே?"

"அங்க அப்படித்தான் செய்வாங்களாம். வாங்கறவங்க மனசுல நெனைக்கற மூஞ்சி."

"எங்கிட்ட வாங்கறவங்க மனசுல எதையும் நெனைக்க மாட்டாங்கக்கா. கண்ணால பாத்துத்தான் வாங்குவாங்க."

அம்மையார் கடையை விட்டுக் கிளம்பிய பிறகு, தலைவர் ஸ்கெட்ச் பேனா எடுத்து ஒரு பொம்மைக்கு மட்டும் இரண்டு கண்ணும் வாயும் அவரே வரைந்துவிட்டார். மற்றவையெல்லாம் கொலுவுக்கும் கிறிஸ்துமஸுக்குமாக விற்றுப்போயின. அந்த ஒன்று இன்னும் அவர் கடைக் கண்ணாடி அலமாரியில் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைவரே சிரிப்பதால் நான் சொன்னது தவறில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த முன்பக்கத்துக்கு வருகிறேன். கிமோனோவுக்குப் பித்தான் கிடையாது. ஒரு பக்கத்தை மறு பக்கத்தின் மேல் போட்டு இடுப்பில் கச்சை கட்டுவார்கள். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்? வீடியோவில் உடுத்தியிருப்பவரின் இடப்பக்கம் மேலே இருந்தது. அம்மையார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் சட்டைக்கு வலப்பக்கம் மேலே, ஆண்கள் சட்டைக்கு இடப்பக்கம் மேலே. இது கார்மென்ட்ஸ் விதி. அந்த விதியை வைத்து ஒரு வாழ்நாள் முழுவதும் சட்டைகளைத் தேர்வு செய்தவர், ஒதுக்கியவர் அவர்.

"போன்ல படம் மாறித் தெரியும்ணே. லேடீஸ் பீஸுன்னா வலதுதான் மேல," என்றார். அவ்வளவு அனுபவம் உள்ளவர் சொல்லும்போது சந்தேகப்பட எங்களிடம் என்ன இருந்தது? எல்லாப் பொம்மைகளுக்கும் வலது மேலே வந்தது.

பிறகு பெங்களூரில், ஜப்பானியர்கள் கூடும் ஒரு விழாவில் பொம்மை விற்க எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. அம்மையார், ராதிகா, நான், மூவரும் போனோம். ராதிகாவை உங்களுக்குத் தெரியும். அவரும் கார்மென்ட்ஸில் இருந்தவர்தான், அம்மையாரின் வலது கை. நம் நாட்டவர் வந்தார்கள், வாங்கினார்கள். ஜப்பானியப் பெண்கள் வந்தார்கள், முகம் மலர எடுத்தார்கள், ஒரு கணம் உற்றுப் பார்த்தார்கள், இரண்டு கையாலும் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு, தலை தாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருவர் அல்ல, வந்த எல்லோரும்.

"வெல ஜாஸ்தியோ இன்னாவோ தெரியலியேக்கா," என்றார் ராதிகா.

மேசையைக் காலி செய்யும் நேரத்தில் ஒரு வயதான அம்மா திரும்பி வந்தார். திருமதி ஒகாவா. தவறு தன்னுடையது போலக் குனிந்துகொண்டு, மெல்லிய ஆங்கிலத்தில் சொன்னார். உயிரோடு இருப்பவர்களுக்கு இடப்பக்கம் மேலே வர உடுத்துவார்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும்போது. பொம்மைகள் மிக அழகாக இருப்பதால்தான் சொல்லாமல் போக மனம் வரவில்லை என்றார்.

அம்மையார் தோளில் இருந்த துண்டை எடுத்துப் பொம்மைகளின் மேல் விரித்தார். ரயிலில் ஏறிய பிறகுதான் பேச்சு வந்தது.

"உடுங்கக்கா. நம்ம ஊர்ல யாருக்குத் தெரியும்? ராஜேந்திரண்ணன் கடையில வெச்சா வித்துப்பூடும்," என்றார் ராதிகா.

"தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு, தெரியாதவங்களுக்கு ஒண்ணாடி?"

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதையெல்லாம் நம்பறீங்களா?"

"நான் நம்பல. அவங்களுக்கு அது இருக்குது. அவங்க துணியைத்தானே எடுத்து நான் உடுத்தி உட்டிருக்கேன்?"

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பிறர் வழக்கத்தை மதிப்பதற்கு அதை நம்ப வேண்டியதில்லை என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். இவ்வளவு எளிமையாகப் படித்ததில்லை.

மீதமிருந்த பொம்மைகளைப் பிரித்து, இடது மேலே வர மறுபடி மடித்தார். அதோடு விட்டாரா? விடவில்லை. ஏற்கெனவே விற்ற வீடுகளுக்குக் கிளம்பினார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. பையில் காகிதம், கத்தரி, பசை. கூட நான், அளவுகோலோடு.

"இன்னாக்கா, வித்ததைத் திருப்பிக் கேக்குறீங்க?"

"ஒரு நிமிஷம் குடும்மா. சட்டையைத் தப்பா மாட்டி உட்டுட்டேன்."

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டில் குழந்தை தலையைப் பிய்த்திருந்தது. முன்பக்கத்தோடு தலையையும் சரிசெய்து கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் காபி கொடுத்தார்கள். ஒருவர், பைத்தியமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

பாலகாட்டில் கங்கம்மா வீட்டுக்குப் போனோம். கங்கம்மா அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அவருடைய மகள் ஷில்பா, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண், காய்ச்சலில் இறந்துபோனவள். பொம்மை அவள் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஷில்பா கடைசியாக வாங்கிய பொருள் அதுதானாம். அந்தப் படத்தின் முன்னால் நின்று, இது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை என்று எப்படிச் சொல்வது? போய்விடலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அம்மையார் போகவில்லை. கங்கம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளது உள்ளபடி சொன்னார்.

கங்கம்மா அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்போ எம் பொண்ணுக்கு இது சரியாத்தானே கீது?"

அம்மையார் பையின் மேல் கையை வைத்தார்.

"மாத்தாதே வினோலியாம்மா. அவ கூடவே இருக்கட்டும். இது அவளுக்கு உடுத்தினது."

ஆட்டோவில் திரும்பும்போது அம்மையார் பையைத் திறக்கவே இல்லை. நந்திதுர்க் வந்த பிறகு இறங்கிக்கொண்டே சொன்னார். "அந்த ஒண்ணு அப்படியே இருக்கட்டும்ணே."

அதன் பிறகு முன்பக்கம் மூடும் வேலையை அவர் வேறு யாருக்கும் விடவில்லை. நாங்கள் வெட்டுவோம், ஒட்டுவோம், கொண்டை சுற்றுவோம். மூடுவது அவர் கை. அடுத்த ஆண்டு திருமதி ஒகாவா தன் தோழிகளோடு வந்து வாங்கினார். அதற்கடுத்த ஆண்டிலிருந்து ஆர்டரே வந்தது. சென்ற வாரம் அம்மையார் மறைந்த செய்தி கேட்டு நேற்று முன்தினம் அவர் தொலைபேசியில் அழைத்தார். உங்களுக்குச் சிரமமானால் இந்த ஆண்டு வேண்டாம், நாங்கள் புரிந்துகொள்வோம் என்றார். நான் ராதிகாவைப் பார்த்தேன்.

"என்னால முடியாது சார். அக்கா இருந்தப்பவே ஒருதடவை வலதை மேல வெச்சு மூடப்போனேன். கைமேலயே ஒண்ணு போட்டாங்க."

எனக்கும் துணிவில்லை. என் கை நடுங்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். அந்த இரண்டாவது நாள் இன்று.

இன்று காலை ராதிகா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொம்மை. பெட்டியிலிருந்து எடுத்ததல்ல, புதிதாகச் செய்தது. அம்மையாருக்குப் பிடித்த ஊதாப் பூப்போட்ட காகிதம். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தது.

"அக்கா படத்துக்கு முன்னால வெக்கணும் சார். எந்தப் பக்கம் மேல?"

நான் பொம்மையைக் கையில் வாங்கிக்கொண்டேன். உடனே பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் இத்தனை நாள் பிரித்துப் பிரித்துச் சரிசெய்ததெல்லாம் இடது மேலே வருவதற்காகத்தான். அதையே வைப்பதா? பாலகாட்டு வீட்டையும், அந்தப் படத்தையும், ஆட்டோவில் திறக்காத பையையும் நினைத்துக்கொண்டேன்.

"வலது," என்றேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"யோசித்துத்தான் சொல்கிறேன்."

அவர் என் மேசையில் உட்கார்ந்து மூடினார். வெள்ளை உட்கழுத்து ஒரு நூல் அளவுக்குத் தெரிய, வலப்பக்கத்தை மேலே இழுத்து, கச்சையைச் சுற்றினார். நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தேன். குறை தேடுவதில் நான் மட்டமானவன் அல்ல. பிரித்து மறுபடி செய்யச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ராதிகா அதை என்னிடமிருந்து வாங்கி மேசையில் நிறுத்தினார். பிறகு கேட்டார்.

"அப்போ பெட்டியில இருக்கறதையும் மூடிடலாமா சார்?"

"அதற்கு இடது மேலே வர வேண்டும்," என்றேன்.

"தெரியும் சார். அதுக்குத்தானே அடி வாங்கினேன்."

அன்பர்களே, இங்கு வருமுன் திருமதி ஒகாவாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பொம்மைகள் மார்ச் மாதம் வந்து சேரும். ராதிகா மூடுவார், மற்றவர்கள் ஒட்டுவார்கள், நான் வெட்டுவேன், என் கைக்கு எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம். பெரிய சபதம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. இதை மட்டும் வினோலியா அம்மையாரின் பெயரால் உங்கள் முன்னிலையில் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்து மலர் வைக்க வரும்போது, அவர் படத்தின் முன்னால் அந்த ஊதாப் பொம்மையைப் பாருங்கள். வலப்பக்கம் மேலே இருக்கும். அம்மையார் முதன்முதலில் மடித்தது அப்படித்தான். இவருக்கு அது சரியான உடை. தவறென்று யாரும் எடுத்துத் திருத்திவிட வேண்டாம்.

நாளைக் காலையிலிருந்து இடது மேலே.