அப்பாவின் போனுக்கு வந்த ஓடிபி

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரவுசிங் சென்டர் வரிசையில் நின்றிருந்தேன். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எனக்கு முன்னால் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தாயும், பிளஸ் டூ முடித்த மகளும்.

"அப்பா கேட்டா ரேஷன் கார்டுக்குன்னு சொல்லும்மா," என்றாள் மகள்.

விண்ணப்பத்துக்கான ஓடிபி, ஆதாரில் பதிந்திருந்த அப்பாவின் போனுக்குப் போயிருந்தது. இவர்கள் வந்ததே அவருக்குத் தெரியாது.

"பொய் சொல்லியா படிக்கப் போற?" என்றாள் தாய்.

"நெசத்த சொன்னா வுடமாட்டாரு. மாமன் வூட்டுல எனக்கு கல்யாணம் பேசிக்கினு இருக்காரு."

"சீக்கிரம்மா, நேரம் போச்சுன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து போடணும்," என்றார் கடைக்காரர்.

தாய் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாங்க, கள்ளக்குறிச்சியில இருக்கோம். பொண்ணு காலேஜுக்கு போட்டுக்கினு இருக்குது. உங்க போனுக்கு நம்பர் வந்திருக்கும், படிங்க."

காற்று இரைச்சல் மட்டும் கேட்டது. சிக்னலுக்காக ஏதோ மேட்டில் நின்றிருப்பார் போல.

"யாரக் கேட்டு போனீங்க?"

"யாரையும் கேக்கல. எனக்கு பதினாறுல கல்யாணம் பண்ணப்பவும் யாரும் என்னைய கேக்கல. படிங்க."

மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

பிறகு அந்தக் குரல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னது. கடைக்காரர் தட்டிவிட்டு, "நம்பர் ஏறிடுச்சும்மா, இனிமே காலேஜ் பேரு போடலாம்," என்றார்.

தாய் போனை வைக்கப் போனாள்.

"இரு, வெச்சிடாத. ஹாஸ்டல் இருக்கற காலேஜா பாத்து போடச் சொல்லு. தெனம் மலையேறி எறங்க முடியுமா அதால?"