பதினேழாம் எண் வீட்டு ஏலத்தில் மூன்றாம் முறை

என் பெயர் மெர்வின் ஹோஸ்கிங். வயது எழுபத்தொன்பது. மெல்பர்ன் கிழக்குப் புறநகரில், வாட்டில் தெரு பத்தொன்பதாம் எண் வீட்டில் நாற்பத்தொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

பக்கத்துப் பதினேழாம் எண் வீடு பெரில் டிரான்டர் அம்மையாருடையது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பின் மகன் கிளென் அதை ஏலத்துக்கு விட்டார். மார்ச் இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏலம். எங்கள் தெருவில் ஏலம் என்றால் வாங்காதவர்களும் காப்பியோடு வந்து நிற்பது வழக்கம்.

அன்று சுமார் பத்தரை மணிக்குக் கிளென் என் வேலியருகே வந்து, முதலில் விலை கேட்க எல்லோரும் தயங்குவார்கள் என்றார். அதன் பின், "ரெண்டே ரெண்டு தடவ கையத் தூக்குங்க மெர்வ். சூடு பிடிச்சதும் ஒதுங்கிக்கலாம். அம்மாவுக்காகத்தான்" என்றார். என் மனைவி இறந்த மாதம் முழுவதும் பெரில்தான் எனக்குச் சமைத்துக் கொண்டுவந்தார். நான் சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்பது உறுதியாக நினைவில்லை. மறுக்கவில்லை.

அதன் பின் ஏலக்காரர் விதிகளை உரக்க வாசித்தார். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்பது குற்றம் என்பதும் அதில் இருந்தது. என் காதில் விழுந்தது. அதன் பின் அவர், "ஈ ஓட்டுறவங்க கையத் தூக்காம ஓட்டுங்க, இல்லன்னா வீடு உங்க தலையில விழுந்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கை தூக்கினேன். தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கும் பேருந்து ஓட்டுநர் டீனும், நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி ரெனேயும் எனக்கு மேல் கேட்டார்கள். மீண்டும் தூக்கினேன். மீண்டும் மேலே கேட்டார்கள். வேறு யாரும் கேட்கவில்லை. எதிர்பார்த்த விலை வந்துவிட்டது, வீடு இன்று விற்கப்படும் என்று ஏலக்காரர் அறிவித்தார். கிளென் என்னைப் பார்த்து, போதும் என்று கண்ணைக் காட்டினார்.

அப்போது ஏலக்காரர் என் பக்கம் திரும்பி, "தொப்பி போட்ட ஐயா என்ன சொல்றார்? தெருவே உங்களத்தான் பாக்குது" என்றார். பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. நான் மூன்றாம் முறை கை தூக்கினேன்.

டீனும் ரெனேயும் திரும்பி நின்று பேசினார்கள். ரெனே குழந்தையின் தள்ளுவண்டிப் பிடியை இரு கைகளாலும் பற்றியிருந்தார். அதன் பின் டீன் இன்னும் பத்தாயிரம் டாலர் ஏற்றிக் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். வீடு அவர்களுக்கு விழுந்தது.

அவர்கள் குடிவந்த பின், போன ஞாயிற்றுக்கிழமை, டீன் ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக்கோடு வேலியருகே வந்தார். ரெனே இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதன் பின் சொன்னது: "வெளியூர்ல இருக்குற உங்க பொண்ணுக்காகக் கேட்டீங்கன்னு நெனச்சோம். எங்க கொழந்தையப் பாத்துட்டு விட்டுக்குடுத்துட்டீங்க. அத மறக்க மாட்டோம் மெர்வ்." நான் தட்டை வாங்கிக்கொண்டேன். கேக் இன்னும் மூடியபடி சமையலறை மேசையில் இருக்கிறது.

கிளென் கேட்டது இரண்டு முறைதான். மூன்றாவதை அவர் பெயரில் எழுத வேண்டாம். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க அனுமதி கேட்கிறேன். வேலியருகே நின்றால் எனக்கு வாய் வராது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், கூட்டியதோ குறைத்ததோ இல்லை.

(ஒப்பம்) மெர்வின் ஹோஸ்கிங்