பின்னணி இரைச்சல்

கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்றால் முதலில் தூசியைத் தட்ட வேண்டும். பாதிப் பேர் அதைக்கூடச் செய்யாமல் புது ஃபேன் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். இதோ, இந்த ஸ்டேஷனில் உங்கள் மேஜைக்கு அடியில் இருப்பதும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது, சார். மூடியில் ஒரு ஸ்க்ரூ லூஸ். இருக்கட்டும், கேட்டதற்கு வருகிறேன்.

பள்ளிப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். பார்வை இல்லாத பிள்ளைகள் கேட்டுப் படிப்பார்கள். வீட்டிலேயே ஓர் அறை, ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர். அனுப்புவதில் பாதி திரும்பி வந்துவிடும், கூடவே ஒற்றை வரி: பின்னணியில் இரைச்சல். பன்னிரண்டு வருடமாக எனக்கு அந்த வரியைத்தான் எழுதினார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று பேச்சுக்குக்கூட ஒருவரும் எழுதியதில்லை.

அதனால் ஒரு வழி பண்ணிவிடுவது என்று உட்கார்ந்தேன். தூசி தட்டினேன். சின்ன ஃபேனைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றும் பெரியதாக ஒன்றை மாட்டினேன். ஹார்ட் டிஸ்க் அதிராமல் இருக்க ரப்பர் வாஷர் போட்டேன். கடைசியில் மரப்பெட்டி ஒன்று செய்து, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி, கம்ப்யூட்டரை அதற்குள் இறக்கினேன். மூன்றாம் நாள் அது தானாகவே அணைந்து போனது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சூடு வெளிய போக வழியே வைக்காம அடைச்சிருக்கீங்களே சார்."

பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டேன். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் அடங்கிய அன்றுதான் அக்காவின் மெஷின் என் காதில் விழுந்தது. அக்கா டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நுரையீரல் கெட்டு மூன்று வருடம் ஆகிறது. பக்கத்து அறையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், மூக்கில் குழாய். கரண்ட் போனால் "தம்பி" என்று கூப்பிடுவாள். நான் ஓடிப் போய் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிக் கொடுப்பேன். அதைத் திருகும் அளவுக்கு அவள் கையில் தெம்பு கிடையாது. மூன்று வருடமாக இந்த மெஷினின் சத்தத்தைக் கம்ப்யூட்டரின் சத்தம் மூடி வைத்திருந்திருக்கிறது.

அவளேதான் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.

"உன் பெட்டி இருக்கிற எடமே தெரியலடா. என்னோடதுதான் ஊரைக் கூட்டுது. இதுக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள். பிறகு சிரித்தாள். "அப்புறம் என் வாய் ஒண்ணுதான் பாக்கி. அதுக்குப் பெட்டி கிட்டி செஞ்சுடாத."

இரண்டு நாளில் செய்து முடித்தேன். அவள் கையில் சிராய் ஏறிவிடக் கூடாது என்று விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்கு. மெஷினில் கோளாறு என்றால் கீச்சென்று கத்துவதற்கு உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. பதிவில் அதைவிட மோசமான சத்தம் இருக்க முடியாது. அதன் வயரைக் கழற்றிவிட்டேன். அக்காவுக்கு ரொம்பத் திருப்தி. தன் காதும் ஓய்ந்தது என்றாள்.

ஓட்டை போட மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அளவெடுத்த காகிதம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஓட்டைக்கு வட்டம் போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருக்கிறேன். ஓட்டை வைத்தால் பாதிச் சத்தம் அது வழியாக வெளியே வந்துவிடும், சார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. ஆறாம் வகுப்பு, நீர் ஆவியாவதைப் பற்றிய பாடம். நான்காவது பத்தியில் மெஷின் நின்றது. அப்படியொரு அமைதியை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

வெட்டுவதற்கு முன் மூலப் பதிவை எடுத்து வைப்பது என் வழக்கம். நேற்று நீங்கள் போட்டுக் காட்டியது அதைத்தான். முதலில் "தம்பி" என்கிறாள். கொஞ்சம் பொறுத்து, "தம்பி, மெஷின் நின்னுடுச்சுடா." மூன்றாவது முறை சொல்லே முழுதாக வரவில்லை. உங்கள் பின்னால் நின்ற பெண் போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லையே என்று கேட்டீர்கள். பழக்கம்தான். நடுவில் நிறுத்தினால் பத்தியை முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

அக்காவை எனக்குப் பிடிக்கும். அவளை விட்டால் எனக்கு யாரும் கிடையாது. இந்த நான்கு நாளாக என் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறது. எப்போதும் இருந்ததுதானோ என்னவோ, இப்போதுதான் வெளியே தெரிகிறது. இது நிற்கப் போவதில்லை. இதற்குப் பெட்டி செய்யவும் முடியாது.

பாடம் முடிந்ததற்கும் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதற்கும் நடுவில் நாற்பது நிமிடம் எங்கே போனது என்று கேட்டீர்கள். அந்த மூன்று இடங்களையும் வெட்டினேன். ஒட்டுத் தெரியாமல் சேர்த்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் எழுந்து போய் அக்காவைப் பார்த்தேன்.